பக்கவாசலுக்கு நான் போட்ட மதிப்பெண்

மார்ச் 3, திங்கள்
இன்று நகராட்சி அலுவலகம். மாற்றுத்திறனாளிகள் வந்துபோக எவ்வளவு வசதி என்று அளக்கும் எங்கள் ஆய்வில் இது பதினான்காவது கட்டடம். படிகளுக்குப் பக்கத்தில் சாய்தளம், சரிவு சரி. மேலே பக்கவாசல், அகலமும் சரி. வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு திறந்த கதவருகே நின்று சிரித்தார். வருகிற நாளை ஒரு வாரம் முன்பே கடிதத்தில் சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். அதனால் போகிற இடமெல்லாம் கல்யாண வீடு மாதிரி இருக்கும். கழிப்பறையில் மட்டும் கைப்பிடி இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

மார்ச் 4
இடுப்பு வலி. நாள் முழுக்கக் குனிந்து அளந்தால் வேறென்ன வரும்.

மார்ச் 12, புதன்
அக்காவுக்கு நகராட்சிக் கடிதம். காலையில் அவளைக் குளிப்பாட்டி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வேலைக்கு அனுப்பும் உதவியாளர் தொடர வேண்டுமானால், வெள்ளிக்கிழமை நேரில் வர வேண்டுமாம். நான் கூடப் போயிருக்கலாம். "அந்த ஆபீஸா? தைரியமா தனியாவே போக்கா. நான் அளந்த இடம்" என்றேன்.

மார்ச் 14, வெள்ளி
பக்கவாசல் பூட்டியிருந்ததாம். சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் உள்ளே. அவரைக் கூப்பிடும் மணி முன்வாசலில், ஆறு படிக்கு மேலே. அக்கா ஒன்றேகால் மணி நேரம் கதவைத் தட்டியிருக்கிறாள். அதற்குள் அலுவலகத்தில் அவளை இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்து, 'வரவில்லை' என்று எழுதிவிட்டார்கள்.

"நாலு மார்க் ஏன்டி குறைச்சே?"
"கழிப்பறைல கைப்பிடி இல்ல."
"அவ்வளவு தூரம் நான் போகவே இல்லையே."

மணி எங்கே இருக்கிறது என்ற கேள்வியே என் படிவத்தில் கிடையாது.

மார்ச் 24, திங்கள்
அக்காவின் முறையீட்டுக்குப் பதில் வந்துவிட்டது. கட்டடத்துக்குள் நுழைய எந்தத் தடையும் இல்லை என்று ஆய்வறிக்கையின் முப்பத்தொன்றாம் பக்கம் சொல்கிறதாம். ஆகவே வராதது அவள் தவறு. அடுத்த மாதம் முதல் உதவியாளர் கிடையாது. அந்தப் பக்கத்தை எழுதியது நான். சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அதை அக்காவுக்கு வைத்திருக்கிறேன்.

மார்ச் 26
முன்கூட்டியே நாள் சொல்லிவிட்டுப் போனதால்தான் அந்தப் பக்கம் தவறாகிவிட்டது என்று மேலாளரிடம் சொன்னேன். "சொல்லாம போனா உள்ளேயே விடமாட்டாங்கம்மா. இப்ப ஒண்ணை மாத்தினா எல்லாத்தையும் மாத்தச் சொல்லுவாங்க."
எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டும் என்று அங்கே சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்
மூன்று நாளாக நான்தான் குளிப்பாட்டுகிறேன். மூன்று நாளும் அவள் வேலைக்குத் தாமதம். இன்று அவசரத்தில் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். "மெதுவாடி. நான் கட்டடம் இல்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி
யாருக்கும் சொல்லாமல் நகராட்சிக்குப் போனேன். பக்கவாசல் பூட்டு. படியேறுவதில்லை என்று முடிவுசெய்து, கதவைத் தட்டிக்கொண்டு நின்றேன். ஐம்பத்திரண்டு நிமிடம். கடைசியில் ஒரு குமாஸ்தா எட்டிப்பார்த்தார். "கால் நல்லாத்தானே இருக்கு மேடம், அந்தப் பக்கம் ஏறி வர வேண்டியதுதானே?" சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்
முப்பத்தொன்றாம் பக்கம் தவறு, எழுதிய நானே திரும்பப் பெறுகிறேன் என்று கையெழுத்திட்டு நகராட்சிக்கு அனுப்பினேன். முன்னறிவிப்போடு போன மற்ற பக்கங்களையும் நம்ப வேண்டாம் என்று சேர்த்தேன். மேலாளருக்கும் ஒரு பிரதி. "உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிறீங்க" என்றார். கோபமாகக்கூட இல்லை.

ஏப்ரல் 29
அக்காவுக்குப் புதிய தேதி. மே ஆறு.

மே 6, செவ்வாய்
கூட வர வேண்டாம் என்றாள். எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். பக்கவாசல் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. ஆனால் மணியை அங்கே மாற்றியிருக்கிறார்கள், உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில். அக்கா அழுத்தினாள். பழக்கதோஷம், கடிகாரத்தைப் பார்த்தேன். கதவு திறந்தது. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

நாற்பது விநாடி. எழுத இப்போது என்னிடம் படிவம் கிடையாது, அது வேலையோடு போய்விட்டது. இங்கே எழுதி வைக்கிறேன்.