உப்பில்லாத வீடு

டுலூத்
அக்டோபர் 6

அன்புள்ள ஆர்லென்,

இத்தனை நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். ஐவி இப்போதுதான் தூங்கினாள். போனில் நீ கேட்டால் "நல்லாயிருக்கேன்" என்று சொல்லிவிடுகிறேன், அதனால்தான் கடிதம்.

சிறுநீரகத்தின் மேலிருந்த அந்தச் சுரப்பியைக் கட்டியோடு எடுத்து மூன்று வாரமாகிறது. ஐவி வயிற்றில் இருந்தபோது நூற்றெண்பதைத் தொட்ட ரத்த அழுத்தம் இப்போது தொண்ணூறு. பக்கத்து வீட்டு டோலோரஸ், "கொடுத்துவச்சவடி நீ! எனக்குத் தூக்கத்துலகூட இவ்ளோ இறங்காது" என்கிறாள்.

எழுந்து நின்றால் சுவர் நகர்கிறது. மனதில் ஒன்றுமே தோன்றுவதில்லை. ஐவி அழுதால் எங்கோ மழை பெய்வதுபோல் கேட்கிறது. பால் கொடுக்கிறேன், துணி மாற்றுகிறேன், அவ்வளவுதான். நேற்று அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது கண் இருட்டி, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். விடுப்பு கேட்டு வந்துவிடேன்.

உன் மாரிட்

---

கப்பலில்
அக்டோபர் 13

என் மாரிட்,

டெட்ராய்ட் ஆற்றில் ஓடும் கப்பலோடு தபால் படகு வந்து ஒட்டியது. நாங்கள் கயிற்றில் இறக்கிய வாளியில் ஏறி வந்தது உன் கடிதம். கயிற்றை இழுத்த சமையல்காரன், "டேய் ஆர்லென், வீட்டம்மா லெட்டர் போட்டுட்டாங்கடா!" என்று கத்தினான்.

தொண்ணூறு என்று படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிரசவ அறையில் அந்த நூற்றெண்பதைக் கேட்ட அன்றுதான் நம் வீட்டில் உப்பை ஒழித்தேன். கிளம்புமுன் அலமாரி முழுக்க மாற்று உப்பு டப்பாவாக நிரப்பி வைத்தேனே, அதை விடாதே, தாராளமாகப் போட்டுக்கொள். இப்போது இறங்கினால் என் இடம் வேறொருவனுக்குப் போய்விடும். ஜனவரியில் ஏரி உறைந்ததும் வந்துவிடுவேன். கெட்டகாலம் முடிந்தது, பயப்படாதே.

ஐவிக்கு முத்தம்.
ஆர்லென்

---

ஆஸ்பத்திரி, டுலூத்
அக்டோபர் 22

அன்புள்ள ஆர்லென்,

இப்போது ஆபத்தில்லை. ஐவி டோலோரஸ் வீட்டில் இருக்கிறாள்.

அறுவைக்குப் பிந்தைய ரத்தப் பரிசோதனை முடிந்த அன்றே நர்ஸ் போன் செய்தாள். "சமையலுக்கு என்னம்மா உப்பு போடறீங்க?"

"உப்பே இல்லைங்க. மாற்று உப்புதான்."

"டப்பாவுல என்ன போட்டிருக்கு? படிங்க."

"பொட்டாசியம்..."

"அதைக் கீழ வைங்க. காரை எடுக்காதீங்க, ஆம்புலன்ஸ் வருது."

அந்தக் கட்டி இருந்தவரை உடம்பு உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளியதாம். இப்போது மறுபக்கம் மிச்சமிருக்கும் சுரப்பி இன்னும் விழிக்கவில்லை, எல்லாம் தலைகீழ்: உப்பு வெளியேறுகிறது, பொட்டாசியம் தேங்குகிறது. முன்பு சாப்பிட்டுவந்த பொட்டாசியம் மாத்திரையை அறுவை முடிந்ததும் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். உப்பு டப்பாவைப் பற்றி யாருமே கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இன்னும் சில நாள் விட்டிருந்தால் இதயம் நின்றிருக்கலாம் என்றார் டாக்டர். வானிலைச் செய்தி கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டேன்.

டோலோரஸ் உப்புப் போட்ட உருளைக்கிழங்கு சூப் கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்ததும் கண்ணில் நீர். "அழறியாடி?" என்றாள். "தெரியல" என்றேன்.

உன்மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப்பார்த்தேன், கிடைக்கவில்லை. அன்பால்தான் நிரப்பினாய். ஆனால் சுவர் நகர்கிறது என்றும் எழுதியிருந்தேன், ஆர்லென். நீ தொண்ணூறை மட்டும் படித்திருக்கிறாய்.

இந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஐவியைத் தூக்கிக்கொண்டு தனியாக அந்தப் படியில் இறங்க மாட்டேன். நீ வருகிறாயா, இல்லையா? ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடு.

மாரிட்