பூட்டில்லாத லோரி

செப்டம்பர் 12

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அப்பா லேப்டாப்பை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டிய மனுஷன். கால் உடைந்ததிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. அதற்காகத்தான் லோரி ஓட்டும் விளையாட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஆனால் மழை வந்தால் இன்டர்நெட் போய்விடும். அது போனால் விளையாட்டு திறக்காது. வாங்கியது நாங்கள்தானா என்று ஒவ்வொரு தடவையும் அது கடையைக் கேட்க வேண்டுமாம்!

"ஆபீஸ்ல போயி கேளும்மா, தொறந்து விடுவாங்க" என்கிறார்.

எந்த ஆபீஸ், அப்பா? கேமரன் மலையில் மழை வராத நாள்தான் எது?

செப்டம்பர் 19

கண்டுபிடித்துவிட்டேன்! பூட்டே போடாமல் விளையாட்டு விற்கிற கடையும் இருக்கிறது. ஒரு தடவை காசு கட்டி இறக்கிக்கொண்டால் போதும், அப்புறம் யாரையும் கேட்க வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். அங்கேயும் ஒரு லோரி விளையாட்டு — மலை ரோடு, கொண்டை ஊசி வளைவு, பனிமூட்டம், எல்லாம் உண்டு. வாங்கியாச்சு! எங்கள் வீட்டில் இறக்கினால் கிறிஸ்மஸ் வந்துவிடும். நாளை பிரிஞ்சாங் டவுனில் தோழி சசிரேகா வீட்டில் இறக்கி, ஹார்ட் டிஸ்கில் போட்டுக்கொண்டு வருவேன்.

செப்டம்பர் 21

ஓடுது! மழை கொட்டுது, இன்டர்நெட் செத்துப்போச்சு, லோரி ஓடுது!

அப்பா முதலில் தொடவே பயந்தார்.

"எப்பம்மா திருப்பிக் குடுக்கணும்?"

"குடுக்க வேணாம்பா. நம்மளுது."

"அது எப்படி நம்மளுதாகும்?"

பிறந்ததிலிருந்து எஸ்டேட் வீட்டிலேயே இருந்தவர். அவங்க வீடு என்று சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட விடமாட்டார். இவருக்கு எப்படிப் புரியவைப்பது? ஆனால் வளைவில் ஹோர்ன் அடித்தார் பார் — பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

அக்டோபர் 6

அப்பா பேசுகிறார். பேசுகிறார் என்றால், நிறுத்துவதே இல்லை. "இந்த ரோட்ட போட்டவன் நம்ம தாப்பா மலை ரோட்டுப் பக்கமே வந்ததில்ல போல." சோறு ஆறுகிறது. இன்னும் ஒரு வளைவு, இன்னும் ஒரு வளைவு என்கிறார். லேப்டாப்பில் இடம் இல்லாததால் விளையாட்டும், அவர் ஓட்டிய தூரமும் அந்த டிஸ்கில்தான் இருக்கின்றன.

அக்டோபர் 20

தீபாவளி லீவு. நான் வேலை செய்யும் கியா பார்ம் சந்தையில் அப்படி ஒரு கூட்டம். ஸ்ட்ராபெரி விற்றே கை சிவந்துவிட்டது.

அக்டோபர் 27

இந்தக் காலோடு இனி லோரி ஓட்ட முடியாதாம், அப்பாவுக்கு வேலை முடிகிறது. வேலை முடிந்தால் எஸ்டேட் வீடும் முடிந்தது. ரிங்லெட்டில் ஒரு கடைக்கு மேலே வாடகைக்குப் போகிறோம். அங்கே இன்டர்நெட் வரக் கொஞ்ச நாளாகுமாம். வரட்டுமே! எங்கள் லோரிக்குத்தான் அது வேண்டாமே. அப்பா மட்டும் மறுபடியும் பேச்சைக் குறைத்துவிட்டார்.

அக்டோபர் 31

ரிங்லெட்டுக்குக் குடிவந்தாச்சு, டிஸ்கைக் காணோம். பெட்டி எல்லாம் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். அப்பாவைக் கேட்டால் சாதாரணமாகச் சொல்கிறார்:

"சாவி, பல்பெல்லாம் ஆபீஸ்ல ஒப்படைச்சேன்ல, அதோட அதையும் குடுத்துட்டேன். என்னிக்கா இருந்தாலும் குடுக்க வேண்டியதுதானே."

ஐயோ அப்பா! கத்திவிட்டேன். விளையாட்டை மறுபடியும் இறக்கிக்கொள்ளலாம். அப்பா ஓட்டிய தூரத்தை எங்கே போய் இறக்குவது? அவர் சாப்பிடாமலேயே படுத்துவிட்டார். நான் கத்தியிருக்கக் கூடாது.

நவம்பர் 1

காலையிலேயே அப்பாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். அங்கே கணக்கு எழுதும் கிராணி நாகரத்தினம் சாவிக்கொத்துகளுக்கு நடுவிலிருந்து டிஸ்கை எடுத்தார். அப்பாடா!

"இது எஸ்டேட் சாமான் இல்லையே மைக்கேல் அண்ணே. என்ன இது?"

சொன்னேன். பூட்டு இல்லை என்றதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது.

"அப்ப எனக்கும் ஒரு கொப்பி போட்டுக் குடு லா."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கை நீட்டி டிஸ்கை வாங்கிக்கொண்டார். எந்தக் கிராணியிடமும் அவர் மாட்டேன் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

"பூட்டு இல்லன்னா சும்மா எடுத்துக்கலாமா கிராணி? நாங்க காசு குடுத்து வாங்கினோம், நீங்களும் வாங்கிக்குங்க. இது என் லோரி."

என் லோரி! ரிங்லெட் வரைக்கும் மோட்டாரில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 9

மழை. இன்டர்நெட் இன்னும் வரவில்லை. கிராணி சொந்தமாக வாங்கிவிட்டாராம், ஒரே வளைவில் கவிழ்ந்துகொண்டே இருக்கிறாராம். அப்பா போனில் கத்துகிறார்: "பிரேக்க விடுங்க கிராணி, கியர கொறைங்க!"

டிஸ்கின் மேல் மார்க்கரால் பெரிதாக மைக்கேல்ராஜ் என்று எழுதியிருக்கிறார். அதை ஒரு பையில் போட்டு, சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்.

வீட்டுக்காரரைக் கேட்டீர்களா என்றேன்.

"எதுக்கு?" என்றார்.