வரவு இடாப்பின் முதலாவது பெயர்

யூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று மூன்றாம் நாளும். காயப்போட்ட துணியெல்லாம் மணல். பிரஷர் குளிசை நான்குதான் மிச்சம்.

முதலில் இது. நான் கையெழுத்துகளை விற்கவில்லை. கம்பனி எனக்குச் சுவர் மணிக்கூடு தரவுமில்லை. என் வீட்டில் ஓடுவது, தபால் கந்தோரிலிருந்து இளைப்பாறியபோது கொடுத்தது. வள்ளத்துறையில் இப்படிக் கதைக்கிறவர்கள் வந்து பின்பக்கத்தைப் பார்க்கலாம். என் பெயர் பொறித்திருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். போன மாதம் காப்புறுதிக் கம்பனிக்காரர் மூவர், பாராளுமன்ற உறுப்பினரின் (பா.உ.) இணைப்புச் செயலாளரோடு வந்து, எங்கள் மீன்பிடிச் சங்கத்தில் விளக்கக் கூட்டம் வைத்தார்கள். என் கணவர் இறந்தபின் சங்கச் செயலாளர் நான். வழக்கம்போல் வாசலில் மேசை, அதில் வந்தவர்கள் கையெழுத்து வைக்கும் வரவு இடாப்பு. கொன்வென்ட் சிஸ்டர் விரலில் தட்டிப் பழக்கிய கோடுகள், அடிமட்டம் வைத்துக் கீறியவை. மேலே "வரவு", திகதி. கையெழுத்து வைக்காதவருக்குத் தேத்தண்ணி இல்லை. முப்பது வருடம் பதிவுத் தபால் கொடுத்தவளுக்கு வேறு சட்டம் தெரியாது. ஒருவர் மட்டும் வைக்காமல் போகப் பார்த்தார். விட்டேனா. நாற்பத்தேழு பேர். போட்டோகொப்பி எடுக்க என்று கம்பனிக்காரர் தாளைக் கொண்டுபோனார். தாள் திரும்பி வரவில்லை.

இன்று கேள்விப்படுவது: அதன்மேல் வேறொரு தாளை வைத்து அமைச்சருக்குக் கொடுத்திருக்கிறார்கள். காப்புறுதி இல்லாத வள்ளத்துக்குப் பெர்மிட் கொடுக்கவேண்டாம் என்று மீனவர்களே கேட்டார்களாம். அப்படியே உத்தரவிடும் சுற்றுநிருபமும் வந்துவிட்டது. அதில் ஒரேயொரு கம்பனியின் பெயர்.

பேக்கரியில், எனக்குப் பின்னால்: "மிஸ் வாறா. கையெழுத்து வெச்சாத்தான் இனி பாணும்." சிரிப்பு. திரும்பிப் பார்க்கவில்லை. பாணும் வாங்கவில்லை.

யூலை 10, வியாழன்

புத்தளம். முதல் பஸ். மீன்பிடிக் கந்தோர்.

உத்தியோகத்தர் இளம் ஆள், மரியாதை தெரிந்தவர். கதிரை இழுத்துப் போட்டார். கோப்பைத் திறந்து பிரதியைக் காட்டினார். மேலே தட்டச்சுத் தாள். கீழே என் கோடுகள். "வரவு" என்ற தலைப்பு மட்டும் இல்லை.

"மிஸ், முதலாவது உங்கட கையெழுத்துத் தானே?"

"ஓம்."

இது வெறும் வரவு இடாப்பு என்றேன். "எனக்கு விளங்குது மிஸ். ஆனா மேல போன கடிதத்த நான் எப்பிடி இல்லையெண்டு சொல்ற?" கதவைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது. "கம்பனித் தலைவர் அமைச்சர்ட மச்சான். சுற்றுநிருபம் எழுதின ஐயா பென்ஷன் எடுத்துட்டார். இப்ப அவரும் கம்பனிட பணிப்பாளர் சபையில. நான் சொன்னதா சொல்லிடாதீங்க."

வாங்கியவை: குளிசை, நீலம், தபாலுறை. குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டேன். நான் பொருள் விட்டுவருகிறவள் அல்ல.

அமைச்சின் செயலாளருக்குக் கடிதம் எழுதியாயிற்று. நாளை பதிவுத் தபாலில்.

யூலை 13, ஞாயிறு

பூசை. தேவாலயத்தில் நான் இருந்த நீள வாங்கில் வேறு ஒருவரும் இருக்கவில்லை. காற்றுக்கு ஆட்கள் குறைவாக வந்திருக்கலாம்.

பின்னேரம் பா.உ.வின் இணைப்புச் செயலாளர் வந்தார். கையில் கேக் பெட்டி. திறக்கவில்லை.

"பெரிய இடத்து அலுவல் மிஸ். இந்த வயசுல ஏன் பஸ்ஸுல அலையிறீங்க? சங்கத்துக்குக் கம்பனி கூடாரம் தருது, கதிரை தருது. அதுகளக் குடுக்கிற விழாவுல உங்களுக்குப் பொன்னாடை."

"என்ட தாளத் தாங்க."

"எந்தத் தாள்?"

"வரவு இடாப்பு. மூலப்பிரதி."

"அது இப்ப யார்ட கையிலயோ." சிரித்தார். "ஆனா என்ன வடிவாக் கோடு கீறியிருந்தீங்க! அமைச்சரே கேட்டாராம், இது யார் செஞ்சதெண்டு."

ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டும்.

யூலை 16, புதன்

கம்பனிப் பரிசோதகர் துறைக்கு வந்தார். ஜப்பார் நானாவின் நீல வள்ளத்துக்கு இரண்டு படம், விரலால் ஒரு தட்டு. "பழசு. காப்புறுதி செய்யேலாது." காப்புறுதி இல்லை என்றால் பெர்மிட் இல்லை. பெர்மிட் இல்லாமல், கடல் கிடக்கட்டும், கரையை ஒட்டிய களப்பில்கூட வள்ளம் இறக்க முடியாது. நானாவுக்கு வேறு தொழில் தெரியாது.

அன்று வைக்காமல் போகப் பார்த்தவர் இவர்தான். "வந்ததுக்கு ஒரு அடையாளம் வேணும் நானா" என்று வாசலில் மறித்தேன். இலக்கம் 31.

இன்று என்னைக் கண்டதும்: "நான் அன்டைக்கே சொன்னேன் தானே மிஸ், எனக்குத் தேத்தண்ணி வேணாமெண்டு."

கோபமில்லாமல் சொன்னார். கோபப்பட்டிருக்கலாம்.

யூலை 18, வெள்ளி

மறுப்புக் கடிதத்தோடு வீடு வீடாக. "நாங்கள் அப்படிக் கேட்கவில்லை." ஒரே வரி, கீழே கோடுகள்.

சங்கத் தலைவர் வீடு: கதவு திறக்கவில்லை. உள்ளே டி.வி. சத்தம்.

பக்கத்து வீடு: "மகன்ட வேலைக்குப் பா.உ.ட கடிதம் வேணும் மிஸ். குறை நினைக்காதீங்க."

பேக்கரி: "இன்னுமொண்டா!"

மற்ற வீடுகள் எழுதத் தேவையில்லை.

கடைசியாக ஜப்பார் நானா. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, எஞ்சினைக் கழற்றி எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். மனைவி எனக்குக் கதிரை தந்தா. நானா தாளை வாசித்தார், முழுக்க. திருப்பித் தந்தார்.

"உங்களோட கோவமில்ல மிஸ். ஆனா இந்தக் கையால இனி ஒண்டுலயும் வெக்கமாட்டேன். அல்லாஹ் மேல சத்தியம்."

நாற்பத்தேழில் ஒன்று. அது என்னுடையது.

யூலை 21, திங்கள்

காற்று சற்றுத் தணிவு. வள்ளங்கள் இறங்குகின்றன. நீல வள்ளம் கவிழ்த்தபடி. முருங்கைக் கிளை முறிந்து வேலியில் கிடக்கிறது, வெட்ட ஆள் கேட்கவேண்டும். யாரைக் கேட்பது.

முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. பெற்றுக்கொண்டதற்கான அட்டை மட்டும் திரும்பி வந்தது. கையெழுத்து இல்லை. இறப்பர் முத்திரை.

இதற்கும் பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் இரண்டாவது. பிரதி:

ஐயா, எனது 10ஆம் திகதிய கடிதம் தொடர்பாக. உங்களிடமுள்ள தாள் கோரிக்கை அல்ல, வரவு இடாப்பு. மற்றவர்களின் சார்பில் எழுத எனக்கு இப்போது அனுமதி இல்லை. ஆகையால் ஒருவரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இலக்கம் 31க்கு உரியவர் கையெழுத்திட விரும்பவில்லை. அவரை வாசலில் மறித்து இட வைத்தவள் இலக்கம் 1, அதாவது நான். அவருடைய பெயரையாவது நீக்க முடியுமா? தொலைபேசி வேண்டாம். ஆள் அனுப்பவும் வேண்டாம். எழுத்து மூலம், கையெழுத்துடன் பதில் தரவும்.