சுனில் என்று கூப்பிட்டேன்

எஹலியகொட டவுனில் மருந்துக் கடையைத் தாண்டியதும் பஸ் ஒரு தடவை கீழே இறங்கி ஏறும். புதுப் பாதை திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மற்ற இடமெல்லாம் வழவழவென்று கிடக்க, அந்த ஆறடி மட்டும் உட்கார்ந்துவிட்டது. நின்றுகொண்டு வருகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, பாதை போட்டவனைத் திட்டுகிறார்கள். எனக்கு மட்டும் எங்கே குலுங்கும் என்று முன்பே தெரியும். கடைப் பலகை கண்ணில் பட்டதும் கம்பியை இறுக்கிப் பிடிக்கிறேன், மூச்சையும் பிடித்துக்கொள்கிறேன். இன்று காலையும் அப்படித்தான். 

நீயும் நானும் வெட்டிய குழிதான் அது.

மழைக்காலத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. டவுன் பாதையை அகலமாக்கி பஸ்ஸுக்கென்று தனி வரிசை போடுகிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மண்வெட்டியோடு ஓடினோம். கொழும்புக்கு அரை மணித்தியாலம் முந்திப் போய்ச் சேர வேண்டிய அவசரம் நம் லயத்து வீடுகளில் யாருக்கும் இருக்கவில்லை. நம் தோட்டத்துப் பாதையில் பிள்ளைத்தாய்ச்சியை இன்னும் நாற்காலியில் வைத்துத்தான் தூக்கி வருகிறார்கள். நான் அதைச் சொல்லிப் பொருமும்போதெல்லாம் நீ அலட்டிக்கொள்ள மாட்டாய். "வெட்டுறது நாங்க, போறது அவங்க. இதுல புதுசா என்ன இருக்கு?"

பஸ் நிலையத்துக்கு எதிரே இராணுவக் காவல் அரண் இருந்தது. யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். எங்கேயாவது ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தால் மறுநாள் காலை நம்மைப் பார்க்கும் கண்கள் மாறிவிடும். பஸ் வந்து நிற்கிற இடத்தில் மண்ணைத் தோண்டுகிற இரண்டு தமிழ்ப் பொடியன்கள் என்றால் சும்மாவா? உன்னிடம் அடையாள அட்டையும் இல்லை. பிறப்புப் பதிவில் பிழை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தாய். வியர்வை உறைக்குள்ளும் புகுந்து, கையெழுத்து நீலக் கறையாகிவிட்டது.

முதல் நாளே, வேலையை நடத்திய சிங்கள பாஸ் நம் இருவரையும் ஓரமாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் பயம். குழிக்குள் தமிழ் பேசாதீர்கள், தமிழ்ப் பெயர் யார் காதிலாவது விழுந்தால் உங்களை அள்ளுவார்கள், என்னையும் விசாரிப்பார்கள் என்றார். நீ சுனில், நான் நிமல் என்று அவரே பெயர் வைத்து, பதிவுப் புத்தகத்திலும் எழுதிக்கொண்டார். சிங்களம் பேச நமக்குத் தடுமாற்றமில்லை. அதனால் அந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டன.

அன்று தோட்டத்துக்கு ஏறும்போது வழியெல்லாம் சிரித்தாய். "எனக்குப் பேரு வைக்கிறப்ப எங்கப்பா கோயில்ல கெடா வெட்டி லயத்துக்கே சோறு போட்டாரு. இந்தாளு ஒரு பிளேன்டீகூட வாங்கித் தராம வச்சிட்டாரு மச்சான்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நெசமா ஏதாச்சும்னா என் பேரச் சொல்லிக் கூப்பிடு. சுனிலுக்கெல்லாம் நான் திரும்ப மாட்டேன்" என்றாய்.

பிறகு அது நமக்கு விளையாட்டாகிவிட்டது. நாள் முழுக்க நீ என்னை 'நிமல் மாத்தயா' என்று பெரிய துரையாக்குவாய். நான் உன்னைச் சுனில் என்று சும்மா சும்மா கூப்பிட்டு வேலை சொல்வேன். நீ திரும்ப மாட்டாய்.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். இரண்டு நாளாக மழை விடவில்லை. வடிகாலுக்குத் தோண்டிய குழி ஆளை மறைக்கும் ஆழம். இரண்டு பக்கமும் பலகை அடித்து முட்டுக் கொடுக்க வேண்டும். பலகை நாளைக்கு வரும் என்றார்கள், நான்கு நாளாக அதையே சொன்னார்கள். பெக்கோ இயந்திரம் அள்ளிய ஈரமண் விளிம்பிலேயே மலையாகக் குவிந்து கிடந்தது. நீ கீழே நின்று சேறு வாரிக்கொண்டிருந்தாய். நான் மேலே வாளி இழுத்தேன். மத்தியானம் கழிந்து சற்று நேரத்தில் என் காலடியில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரலளவு விரிந்தது.

உன் பெயர் என் வாய்க்குள் வந்துவிட்டது. பத்தடி தள்ளி, பஸ்ஸுக்கு நின்றவர்களின் பைகளை இரண்டு சிப்பாய்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. வந்த பெயரை விழுங்கிவிட்டேன். "சுனில், உடட்ட எந்ந" என்றேன். மேலே வா என்று, சிங்களத்தில்.

நீ நிமிரக்கூட இல்லை. "வாரேன் நிமல் மாத்தயா" என்று நீயும் சிங்களத்திலேயே சொல்லிச் சிரித்தாய். அதற்குள் மண் இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரிப் பிணவறையில் உன் கையில் கட்டியிருந்த பெயர்ச் சீட்டில் சுனில் என்றுதான் இருந்தது. உன் அப்பாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது, மற்றவர்கள் வாசித்துச் சொன்னதைக் கேட்டார். "எம்மவன் பேரு அது இல்லீங்களே" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார்.  என் அடையாள அட்டையை நீட்டி, உன் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரையும், அப்பா பெயரோடு சேர்த்து.

ஒன்றும் நடக்கவில்லை. அவர் எழுதிக்கொண்டார், எழுத்து சரியா என்று ஒரு தடவை கேட்டார், போகச் சொன்னார். அவ்வளவுதான். அடித்திருந்தால், அள்ளிக்கொண்டு போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. குழியோரத்தில் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாலும் இவ்வளவுதான் நடந்திருக்குமோ? தெரியாது. அன்று வேறு மாதிரியும் நடந்திருக்கலாம். இரண்டையும் மாறி மாறி நினைக்கிறேன். பலகை அடிக்காதவர்கள் ரிப்பன் வெட்டிப் பாதையைத் திறந்தார்கள். அவர்கள் ஒன்றும் நினைப்பதாகத் தெரியவில்லை.

யுத்தம் முடிந்துவிட்டது. டவுனில் பட்டாசு கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள், நானும் கை நீட்டி வாங்கித் தின்றேன். பஸ்ஸில் பை பார்ப்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை. பள்ளம் வரும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்கிறேன். உதடு அசையும், சத்தம் வராது. பக்கத்தில் இருப்பவர் என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்பேன், சிங்களத்தில்.

நாளைக்கு இந்தக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அதே பஸ்ஸில்தான் போகவேண்டும். யாராவது பையைத் திறக்கக்கூடும். அதனால் இதிலும் உன் பெயரை எழுதவில்லை, மச்சான்.