எல்லாரும் ஓடிய வாசல்

தாயில்பட்டி,
9.6.2006

அன்புள்ள பானு,

இங்கு எல்லாரும் நலம். சென்னை வெயிலில் நீ எப்படி இருக்கிறாய்?

உன் ஆராய்ச்சிக்கூடத்துப் பெட்டிகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. தலையில் மாட்டும் அந்தக் கண்ணாடியை முதலில் நான்தான் மாட்டிப் பார்த்தேன். அடியே, எங்கள் பட்டாசு ஆலையின் மருந்து அறையேதான்! எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் இருக்கிறது, சல்லடை இருக்கிறது, மூலையில் தண்ணீர் வாளிகூட இருக்கிறது. நான் அனுப்பிய போட்டோக்களை வைத்தே கணினிப் படத்தில் இவ்வளவையும் கட்டிவிட்டாயே! ஒரு கோலம் நேராகப் போடத் தெரியாதவள் நீ. அம்புட்டுப் பெருமையாக இருக்கிறது எனக்கு.

தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று பார்க்க, நீ சொன்னபடி தொழிலாளர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கையில் விசையைக் கொடுத்தோம். தீப்பிடிக்கும் கட்டம் வந்ததும் வள்ளித்தாய் கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "ஆத்தி, மூஞ்சியில சூடு அடிக்குதும்மா!" என்றாள்.

ஒன்றுதான் புரியவில்லை. நான்கு பக்கமும் வாசல் திறந்திருந்தும், ஒருவர் விடாமல் விசையைத் தள்ளி மேற்கு வாசலுக்கே ஓடுகிறார்கள். உன் படத்தில் ஏதும் கோளாறோ?

உன் தோழி,
சொர்ணலட்சுமி


சென்னை,
17.6.2006

சொர்ணம்,

பாராட்டுக்கு நன்றி. சரிபார்த்துவிட்டேன், படத்தில் கோளாறு இல்லை.

என் அப்பா அந்த அறையில் கிழக்கு வாசலை ஒட்டி உட்கார்ந்து மருந்து கலந்தவர். பல வருடங்களுக்கு முன் அங்கே தீப்பிடித்த அன்று அவர் செத்து விழுந்து கிடந்தது மேற்கு வாசலில். கிழக்குக் கதவை உன் அப்பா பூட்டி வைத்திருந்தார் என்று ஊரே பேசியது. நானும் நம்பினேன். உன்னோடு பேச்சை விட்டது அதனால்தான். இப்போது மறுபடி எழுதியதும் இந்த வேலைக்காகத்தான், மனம் ஆறி அல்ல.

உன் கடிதத்தைப் பார்த்தபின், அன்று கதவு திறந்தே இருந்திருக்குமோ என்று தோன்றுகிறது. அப்பா ஏன் பக்கத்திலிருந்த வாசலை விட்டார் என்று தெரிந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். எல்லாரும் ஏன் மேற்கே ஓடினார்கள் என்று அவர்களிடமே கேள். எதையும் மறைக்காமல் எழுது.

பானுப்பிரியா


தாயில்பட்டி,
26.6.2006

அன்புள்ள பானு,

கேட்டேன். இது என்ன கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். வள்ளித்தாய்தான் சொன்னாள்:

"செருப்பு அங்கனதானம்மா கெடக்கு? வெளிய பூராம் கருவேல முள்ளு. வெறுங்கால வச்சுக்கிட்டு எங்கிட்டு ஓட? மேற்கு வாசல்லதான கழட்டிப் போடணும்னு நீங்கதான சொல்லியிருக்கீக?"

உரசினால் பொறி பறக்கும் என்பதால் மருந்து அறைக்குள் செருப்பு கூடாது என்பது எல்லா ஆலையிலும் உள்ளதுதான். ஆனால் எல்லாரும் மேற்கு வாசலில்தான் கழற்ற வேண்டும் என்பது என் அப்பா போட்ட சட்டம். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அறைக்குள் வராமலே செருப்பை எண்ணிப் பார்க்க அது அவருக்குத் தோதாக இருந்தது. பானு, அன்று வேலையில் இருந்தவர்களிடமும் கேட்டுவிட்டேன், கிழக்குக் கதவு பூட்டியிருக்கவில்லை. ஆனால் பூட்டியதும் இதுவும் ஒன்றுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

முள்ளை வெட்டியாயிற்று. இப்போது அவரவர் செருப்பு அவரவர் பக்கத்து வாசலில். மறுபடி உன் கண்ணாடியை மாட்டிப் பார்த்தோம். ஆளுக்கொரு பக்கமாகப் பறந்தார்கள். எத்தனையோ அதிகாரிகள் வந்து பார்த்த அறை இது. ஒருவர் கண்ணிலும் படாததை நீ அங்கிருந்தே கண்டுபிடித்தாய். உன் தோழி என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா, தெரியவில்லை.

சொர்ணம்


சென்னை,
4.7.2006

அன்புள்ள சொர்ணம்,

உன் கடிதத்தைப் படித்ததும், படத்தில் மேற்கு வாசலில் செருப்புகளை வரைந்தேன். அப்பா உட்கார்ந்திருந்த இடத்தில் நானே உட்கார்ந்து தீயை மூட்டினேன்.

கிழக்கு வாசல் கைக்கெட்டும் தூரத்தில் திறந்து கிடந்தது. எல்லாம் தெரிந்த எனக்கே கண் முதலில் செருப்புக்குத்தான் போனது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கூட வேலை செய்கிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

உன் அப்பா மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. தீரும் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய சட்டத்தை அவரிடமே போய்ச் சொன்னாயே, அந்தத் துணிச்சல் எனக்கு இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் விருதுநகர் வருகிறேன். அம்மாவிடம் நான் மட்டும் போய் இதைச் சொல்ல முடியாது. நீயும் கூட வா.

பானு