ஸ்டேஷனுக்கு ஓடி வருபவன்

என்னங்க,

அண்ணன் வீட்டில் எல்லோரும் நலம். கல்யாணத்துக்கு முன் நாம் பார்த்த அந்தக் காதல் படத்தைப் புதிதாக எடுத்திருக்கிறார்களாம். அண்ணி இழுத்துக்கொண்டு போனார்.

கதாநாயகி கோபத்தில் தன் பெட்டி என்று நினைத்துப் புருஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாளே, அது அப்படியே இருக்கிறது. உங்களைப் போலவே, காட்சி வருவதற்கு முன்பே சிரித்துத் தொலைத்தேன். “ஜோக் இன்னும் வரவே இல்லையேம்மா!” என்றார் அண்ணி.

பழையதில் அவன்தான் ஸ்டேஷனுக்கு ஓடி வருவான். புதியதில் அவளே திரும்பிப் போகிறாள். ரோஷமே இல்லாத கதை! எனக்குப் பழைய முடிவுதான் பிடிக்கும். ஆனால் இரண்டு வாரமாக இந்த வாசலில் ஒரு ஈ காக்கையைக்கூடக் காணோம்.

ஞாயிறு காலை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்காவது ஓடி வாருங்கள். நடந்து வந்தால் அடுத்த வண்டியில் திரும்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து சீட்டுக்காரி