வேலைக்குத் திரும்பினாரா?

ஊத்துக்குளி ரோடு, திருப்பூர்
3.7.2024

அன்புள்ள கண்ணு அனுசுயாவுக்கு, மாமன் ஆத்தப்பன் எழுதுவது.

இப்படித்தான் ஆகும் என்று அன்றைக்கே சொன்னேன். உன் அத்தையே சாட்சி. வாட்சப்பில் எழுதினால் நீல டிக்கோடு நிறுத்திவிடுகிறாய். அதனால்தான் தபால்.

என் மகன் வேல்குமாரை ஊனச் சான்றிதழுக்கு மூன்றாம் முறை கூட்டிப்போனேன். டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினான். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், கொக்கு மாதிரி நின்றான். "நல்லாத்தானுங்களே இருக்காரு" என்று முப்பது சதவீதம் போட்டார். நாற்பது இருந்தால்தான் உதவித்தொகை.

"ஏனுங்க, காலைல தின்ன இட்லி மத்தியானம் ஞாபகமில்லீங்களே, அதுக்கு எத்தனை சதவீதமுங்க?" என்றேன். ஆபீசே எழுந்து நின்றது. கலெக்டர் என்னைத் தேடுவதாகக் கேள்வி.

அவன் பூண்டி வளைவில் பைக்கோடு விழுந்து இரண்டு வருஷம். தலையில் அடிபட்டவர்கள் பிற்பாடு எப்படி இருக்கிறார்கள் என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டு, சான்றிதழ் விதியை மாற்ற வைப்போம் என்றாயே? சென்னையில் உட்கார்ந்து என்னதான் செய்கிறீர்கள்?

மாமன்

---

சென்னை
9.7.2024

மாமாவுக்கு அனுசுயாவின் வணக்கங்கள். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

நேற்று எங்கள் ஆய்வைத் துறைக் கூட்டத்தில் வைத்தோம். மற்ற ஊர்களில் பத்துப் பேரில் ஆறு பேர் வேலைக்குத் திரும்பவில்லை. உங்கள் பகுதியில் மட்டும் பதினொரு பேரும் திரும்பிவிட்டார்கள்! "ஆளெல்லாம் வேலைக்குப் போறாங்க, விதியை எதுக்கும்மா மாத்தணும்?" என்று அதிகாரி அந்தத் தாள்களைத் தூக்கிக் காட்டினார்.

வேல்குமார் மச்சானுடைய ஆய்வுப் பாரத்தில், "பழைய பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், கீழே இருபத்தைந்து ஆட்கள்" என்றிருக்கிறது. உங்கள் கையெழுத்து. பொங்கலுக்கு நான் வந்தபோது அவர் என் பெயரை நான்கு தடவை கேட்டார், மாமா.

அடுத்த கூட்டம் 22ஆம் தேதி. அதற்குள் உள்ளதை எழுதுங்கள். இல்லையென்றால் விதியும் மாறாது, அந்த முப்பதும் மாறாது.

அனுசுயா

---

ஊத்துக்குளி ரோடு, திருப்பூர்
14.7.2024

கண்ணு அனுசுயாவுக்கு,

உன் மாமன் பொய்யனா? கொமரலிங்கம் வரைக்கும் போய் விசாரித்துப் பார்! இப்படி ஆரம்பித்துத்தான் நான்கு பக்கம் எழுதினேன். படித்துக் காட்டினேன். அத்தை பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். கிழித்துப் போட்டேன்.

உங்கள் ஆய்வுக்காரப் பெண் வந்த அன்றைக்கு, நம் மகள் சித்ரகலாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஊட்டுக்குள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண், "அண்ணன் வேலைக்குத் திரும்பிட்டாருங்களா?" என்று சத்தமாகக் கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா முறுக்கை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். "அவன் இல்லாம கம்பெனியே ஓடாதுங்களே" என்றேன். போன ஆவணியில் கல்யாணம் நடந்தது.

அடிபட்ட மற்றப் பத்துப் பேர் வீட்டுக்காரர்களும் என்னிடம்தான் பாரம் நிரப்ப வந்தார்கள். எட்டாவது படித்தவன் நான் ஒருத்தன்தானே. அவர்கள் வீட்டிலும் கட்டிக்கொடுக்கப் பிள்ளைகள் உண்டு. "நம்ம ஊட்டுக்கும் அப்படியே எழுதிப்போடுங்க சாமி" என்றார்கள். பத்துக்கும் எழுதினேன். ஒருத்தரை சூப்பர்வைசரே ஆக்கினேன்.

நேற்றும் இன்றும் பத்து வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டேன். ஏழு வீட்டில் சரி என்றார்கள். மூன்று வீட்டில் கதவு திறக்கவில்லை. புதுப் பாரங்களோடு ஆளை அனுப்பு. சித்ரகலா புகுந்த வீட்டுக்குத் தெரிந்தால் தெரியட்டும். நானே போய்ச் சொல்லுகிறேன்.

வேல்குமார் தினமும் எட்டு மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போகிறான். "இன்னைக்கு லீவுங்க, ஊட்டுக்குப் போங்க" என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்புகிறார். மறுநாளும் போகிறான்.

அந்தக் கட்டிங் மாஸ்டர் வேலை கம்பெனி கொடுத்ததில்லை, நானாகக் கொடுத்தது, கண்ணு.

ஆத்தப்பன்